வெந்தயம் போட்டாச்சா?

எழுதுவதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், பால் வராத நாளுக்குக் காலண்டரில் போட்ட சுழியும்தான். எழுத்து கோணலாக இருக்கும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். நாள் கிழமை மறந்துபோகிறது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்கு எப்போதுமே கூச்சம். அதனால்தான் மருமகள், "வாயால சொல்ல வரலைன்னா எழுதியாவது வைங்களேன்" என்று ஒரு நோட்டைக் கொடுத்தாள். மூன்று வாரமாக அது அரிசிப் பானை மூடி மேலேயே கிடந்தது. இன்றைக்கு வெயில் நன்றாக அடிக்கிறது. கொல்லையில் வடகம் காய்கிறது. காக்கை ஓட்ட ஒரு ஆள் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடல் பக்கம் போகிற வழியில் இருந்தது. நெல் அறுத்த வயலில் உளுந்து தெளித்து, பங்குனியில் அதையும் பிடுங்கிக் களத்தில் அடித்து மூட்டை கட்டிவிட்டால் அப்பாவுக்கு வேலை குறைந்துவிடும். வேலை குறைந்ததும் முதலில் வாசலில் பந்தல் போடுவார். புதுக் கீற்று மணம் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்த மணம் வந்துவிட்டால் கோடை வந்துவிட்டது. கூடத்து மூலையில் ஆற்று மணலைக் கொட்டி, அதன் மேல் புதுப் பானையை உட்காரவைத்து, தண்ணீரில் வெட்டிவேர் போடுவாள் அம்மா. பானை வேர்த்து மணல் நனையும். அந்த ஈர மணலில் காலைப் புதைத்துக்கொண்டு நான் வெள்ளரிப் பிஞ்சு தின்பேன். உப்பும் மிளகாய்த் தூளும் உள்ளங்கையில் இருக்கும். மத்தியானம் முழுக்க ஊரே அடுப்பு மாதிரி இருக்கும். மூன்று மணிக்குமேல் கடலிலிருந்து கொண்டல் காற்று கிளம்பும். பந்தல் கீற்று சலசலக்கும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் யாரோ எழுப்பிவிட்டது போல எழுந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கு அப்போது எட்டு வயது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை. அம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அத்தைக்குப் பதினோரு வயதாம். தாயில்லாப் பிள்ளை. அம்மாதான் தலை பின்னிவிட்டு, பாவாடை தைத்துக் கொடுத்து, பெரியவளாக்கி, கல்யாணமும் பண்ணிக் கொடுத்தாள். மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்வார்கள். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். "வீடு பார்த்துவிட்டு உன்னை அழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அந்த வருஷம்தான் அழைத்தார். மேரி என்கிற நகராட்சி ஆபீசில் கல்யாணப் பதிவுச் சீட்டு வாங்கி, காகிதமெல்லாம் சரியாகி, வைகாசியில் புறப்பட வேண்டும் என்று கடிதம் வந்தது.

கடிதம் வந்த அன்றைக்கே சண்டையும் வந்தது.

எதற்கு என்கிறீர்கள்? அம்மிக் குழவிக்கு. அத்தை சும்மா, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அண்ணி, இந்தச் சின்னக் குழவிய நான் எடுத்துக்கிட்டுப் போவட்டா? அங்க கல்லு கெடைக்குதோ என்னமோ."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "குழவி போயிட்டா இங்க இருக்கற அம்மிய நான் என்னா பண்றது? தலைக்கு வெச்சுப் படுத்துக்கறதா?" என்றாள்.

"ஒரு கல்லுக்கா அண்ணி இவ்வளவு கோவம்?"

"ஆமாம்டி, கல்லுக்குத்தான். நீ போறதுன்னு ஆயிடுச்சு. போ. அங்கயே இரு."

அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. அன்றிலிருந்து இருபது நாளுக்கு மேல் இருக்கும், ஒரே அடுப்படியில் ஒருத்தி சோறு வடிக்க இன்னொருத்தி குழம்பு கொதிக்க வைத்தாள். ஒரு வார்த்தை கிடையாது. ஒரு சின்னக் குழவிக்காக இப்படியா என்று நான் அந்தக் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். கல்லாகத்தான் இருந்தது.

கஷ்டப்பட்டது நான்தான். அவர்களுக்கு நடுவில் தபால்காரி வேலை எனக்கு.

"உன் அத்தைய சாப்பிட வரச்சொல்லு." அத்தை மூன்று அடி தள்ளி நிற்பாள். நான் போய்ச் சொல்ல வேண்டும்.

"உங்கம்மாகிட்ட உப்புச் சட்டி எங்க இருக்குன்னு கேளு." உப்புச் சட்டி எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். நான் போய்க் கேட்க வேண்டும். அம்மாவும் அதைப் புதுச் செய்தி மாதிரி நின்று கேட்டு, "அடுப்புக்கு வலது பக்கத்துல இருக்குன்னு சொல்லு" என்பாள்.

"உன் அத்தை தலைக்கு எண்ணெய் வெச்சாளான்னு கேளு."

"வெச்சாச்சுன்னு சொல்லு. உங்கம்மாவுக்கு முதுகு வலி எப்படி இருக்குன்னு கேளு."

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது நடந்திருப்பேன். என் கோடையே அதில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எப்போது பேசுவார்கள் என்று எனக்கு ஏக்கமாகவும் இருந்தது. அத்தை பேசாமலே கப்பல் ஏறிவிட்டால் அப்புறம் அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு நான் எப்படி நடப்பது?

இதற்கு நடுவில் வடகம் போடுகிற நாள் வந்தது. அந்த வருஷம் பெரிய வடகம். அத்தை கொண்டுபோவதற்கும் சேர்த்து. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாவிட்டாலும் வடகத்தை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு கூடை சின்ன வெங்காயத்தை அம்மா தோலோடு உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடித்தாள். பூண்டு இடித்தாள். புது உளுந்தை ஊறவைத்து உடைத்துப் போட்டாள். கடுகு, சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் போட்டாள். கண்ணெரிச்சலில் மூக்கைச் சிந்திக்கொண்டே கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். பிசைவது எப்போதும் அத்தையின் வேலை. அவள் கை ராசி என்று தெருவே சொல்லும். அவள் பிசைந்த வடகம் இரண்டு வருஷம் ஆனாலும் பூச்சி வைக்காது.

எங்கள் வீட்டில் வடகத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. பச்சையாக இருக்கும்போது யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிசைகிறவள் கையை உள்ளே விட்ட பிறகு வாயைத் திறக்கக் கூடாது. எச்சில் தெறித்தால் கெட்டுவிடும். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் பூசியபின் உடைத்த உளுந்து எது, வெந்தயம் எது என்று பார்த்தால் தெரியாது.

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உரல் முன்னால் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"உங்கம்மாகிட்ட வெந்தயம் போட்டாச்சான்னு கேட்டுட்டு வா."

அப்போது என் கையில் நுங்கு இருந்தது. அதை நான் சொல்லியே ஆகவேண்டும். அப்பா அப்போதுதான் வாசலில் நுங்குக்காரரை நிறுத்தி, ஒரு குலை வெட்டச் சொல்லியிருந்தார். மூன்று கண் நுங்கு. முதல் கண்ணில் கட்டைவிரலை விட்டாகிவிட்டது. விரலை விட்ட பிறகு நிறுத்த முடியாது. தண்ணீர் வழிந்து முழங்கை வரை போகும். கிணற்றடி கொல்லைக் கோடியில் இருந்தது. தரையில் கால் வைக்க முடியாத வெயில்.

நான் அடுப்படிக் கதவு வரைக்கும் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றேன். மூன்று கண்ணையும் உறிஞ்சி முடித்தேன். இளசு. ஒரு கண்ணில்கூடத் தோல் தடிக்கவில்லை. எத்தனையோ நுங்கு அதற்கப்புறம் தின்றுவிட்டேன், அந்த ருசி வரவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். 'போட்டாச்சாம்' என்று சொன்னால், 'எவ்வளவு போட்டாங்க?' என்று அடுத்த கேள்வி வரும். திரும்ப நடக்கவேண்டும். 'போடலை' என்று சொன்னால் அதோடு முடிந்தது.

"இன்னும் போடலையாம்" என்றேன்.

அத்தை ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

அவள் எழுந்துபோய் வெந்தயம் எடுத்துவந்து போட்டாள். அப்புறம் கையை விட்டாள். வாய் மூடிவிட்டது.

மறுநாளிலிருந்து பாயில் பரப்பிக் காய வைத்தோம். காலையில் பரப்புவது, சாயங்காலம் அள்ளிப் பானைக்குள் அமுக்குவது, மறுபடி காலையில் பரப்புவது. நாலு மூலையிலும் நாலு காய்ந்த மிளகாய். ஒரு குச்சியில் கறுப்புத் துணி கட்டி நான்தான் காவல். வாசம் தூக்கியடித்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் வேலி மேல் எட்டிப் பார்த்து, "பிரான்சுக்குப் போற வடகமா?" என்று கேட்டார்கள். பெருமையாக இருந்தது. கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, அதையும் காய வைத்து முடித்தபோது அத்தை புறப்பட அஞ்சு நாள்தான் பாக்கி.

முதல் உருண்டையை அன்றைக்கே மீன் குழம்பில் தாளித்துப் பார்ப்பது வழக்கம். திருவேட்டக்குடியிலிருந்து கூடைக்காரம்மா மீன் கொண்டுவந்திருந்தார். அம்மா குழம்பு வைத்தாள். வடகத்தை உதிர்த்து எண்ணெயில் போட்டதும் தெருவுக்கே தெரிந்தது.

அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லவில்லை. அப்படியே இருந்தார்.

"என்னா குழம்பு இது? வேப்பங்கொட்டைய இடிச்சுப் போட்டீங்களா?"

அம்மா ஓடிவந்து கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். முகம் கோணிப்போயிற்று. சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் எப்பவும் போடற ஒரு ஆழாக்குதான் வெந்தயம் போட்டேன்."

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தை எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் ரெண்டு ஆழாக்கு போட்டேன். தூரம் போறதாச்சே, கெடாம இருக்கட்டும்னு."

"நீயும் போட்டியா?"

"நீங்கதான போடலைன்னு சொன்னீங்க அண்ணி!"

"நான் யாருகிட்டடி சொன்னேன்? எப்ப சொன்னேன்?"

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "அண்ணியும் நாத்தனாரும் பேசாம இருந்தா வீடு கசக்கும்னு தெரியும். குழம்பு கசக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

அப்போது இரண்டு பேரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். நான் ஓடிவிட்டேன். நெல் குதிருக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. என் உடம்புக்குத்தான் அது கொள்ளும். அதில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கூடை வெங்காயம். புது உளுந்து. அத்தை அந்த ஊருக்குப் போய் என்னத்தைத் தாளிப்பாள்? எல்லாம் ஒரு நுங்கினால்.

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. முதலில் அம்மா குரல், பிறகு அத்தை குரல், பிறகு இரண்டும் சேர்ந்து. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வடகம் பாழாய்ப் போன துக்கத்தில் அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வடகத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் அழவேண்டும் என்றும் தோன்றியது. கொண்டல் காற்று கிளம்பிவிட்டது. பந்தல் சலசலத்தது. அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை மறந்தே போய்விட்டார்கள்.

கடைசியில் அத்தைதான் வந்தாள். மோர்ச் சோற்றுக் கிண்ணத்தோடு சந்துக்கு முன்னால் குனிந்தாள்.

"வெளிய வாடி, வெந்தயக் குட்டி. அன்னைக்கி உங்கம்மாகிட்ட போயி நீ கேட்டியா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"ஏன்?"

"நுங்கு" என்றேன்.

அத்தை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒரு அடி விழவில்லை எனக்கு. அத்தையைப் போல ஒருத்தியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வேறு யாராக இருந்தாலும் என் முதுகுத் தோலை உரித்திருப்பார்கள்.

அம்மா புதிதாக வெங்காயம் வாங்கிவரச் சொன்னாள். அஞ்சு நாளில் காயாது என்று அவளுக்கே தெரியும். அத்தை அந்தக் கசப்பு வடகத்தைப் பானையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதையே குடுங்க அண்ணி. முழுசும் எனக்கு."

"கசக்குதுடி."

"கசக்கட்டும்."

"மாட்டுக்கு வெச்சாகூட திங்காது."

"நான் மாடு இல்லையே."

ஒரு உருண்டைகூட எங்களுக்கு வைக்கவில்லை. டப்பாவில் அடைத்து, துணி சுற்றித் தைத்து, பெட்டிக்கு அடியில் வைத்தாள். குழவி போகவில்லை. பெட்டி தாங்காது என்று அப்பா சொல்லிவிட்டார். புறப்படுகிற அன்று காலையில் மாயவரம் வண்டி பிடிக்க அப்பாவோடு அத்தை தெருவில் இறங்கி நடந்தபோது அம்மா வாசலுக்கு வரவில்லை. நான் கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின உரலில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நான் என்னமோ, உரலில் வெந்தய வாசம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் தப்பை மறைக்கத்தான் அத்தை அதைக் கொண்டுபோனாள் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். வடகம் நன்றாக இருக்கிறது என்று கடிதத்தில் எழுதுவாள். என்னைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும் என நினைத்து, அந்த வரியை அம்மாவுக்கு வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டிவிடுவேன். அத்தை நடுவில் ஒரு தடவை வந்துபோனாள். அம்மா தவறியபோது அவளால் வர முடியவில்லை. பிறகு அவளும் அங்கேயே போய்விட்டாள்.

போன கோடையில் அத்தையின் மகள் வந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. தமிழ் பேசுவாள், ஆனால் நாலு வயதுப் பிள்ளை பேசுவது போல நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். அவளுக்கு நான் மாமன் மகள், பெரியவள். அதனால் முறைப்படி அண்ணி என்று கூப்பிட்டாள். அவள் குரல் அத்தை குரல்தான். முதல் தடவை கூப்பிட்டபோது அம்மாவைத்தான் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

என் வடகத்துக்கு எங்கள் தெருவில் கொஞ்சம் பேர் உண்டு. சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்டு. வஞ்சிரம் வாங்கி, என் கையால் போட்ட வடகம் தாளித்து அவளுக்குக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டாள்.  இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, வடகம் போடலையா?"

"போட்டிருக்கேனே. பாரு, மேல மெதக்குது."

"கசக்கலையே."

 அவளே சொல்லிக்கொண்டு போனாள். அங்கே வெயில் போதாது என்று அவள் அம்மா அடுப்புச் சூட்டில் வைத்து வடகம் காய வைப்பாராம். ஒரு பங்கு வெந்தயம் போடுகிற இடத்தில் மூன்று பங்கு போடுவாராம். பிள்ளைகள் கசக்கிறது என்று கத்தினால், "எங்க வீட்டு வடகம் இப்படித்தான்" என்பாராம். பிள்ளைகளுக்கு அது பழகி, பேரப்பிள்ளைகளுக்கும் பழகி, இப்போது அவர்களுக்குக் காரைக்கால் வடகம் என்றாலே கசக்க வேண்டும்.

"இன்னொண்ணு அண்ணி" என்றாள். "வெந்தயம் போடறதுக்கு முன்னாடி அம்மா நிமிந்து கதவப் பாத்து, சத்தமா ஒண்ணு கேப்பாங்க. வெந்தயம் போட்டாச்சா அண்ணின்னு. அங்க யாருமே இருக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டு, அப்புறம்தான் போடுவாங்க. நானும் அப்படியே கேட்டுட்டுத்தான் போடுவேன். அது எதுக்கு அண்ணி? சாமிக்குச் சொல்றதா?"

நான் குழம்புச் சட்டியை மூடுவது போலத் திரும்பிக்கொண்டேன். பதினோரு வயதிலிருந்து அந்த அடுப்படியில் புழங்கினவளுக்கு உப்புச் சட்டி எங்கே இருக்கும் என்று தெரியாதா? வடகத்தில் வெந்தயம் விழுந்ததா இல்லையா என்று வாசத்திலேயே தெரியாதா? அவள் என்னிடம் கொடுத்தனுப்பியது வெந்தயத்துக்கான கேள்வியே இல்லை. அதை நான் கதவுக்குப் பின்னால் வைத்து நுங்கோடு தின்றுவிட்டேன். "வேற ஒண்ணும் சொல்லலையா?" என்று அவள் கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அத்தை மகளுக்கு இந்த வருஷம் அனுப்பத்தான் கொல்லையில் வடகம் காய்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் வேலியருகே வந்து மோந்து பார்த்துவிட்டு, "என்னா ஆச்சி, வெந்தயம் தூக்கலா இருக்கே" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். அத்தை புறப்பட்டது வைகாசியா, ஆனி பிறந்துவிட்டதா என்று எனக்குச் சந்தேகம். அவர்கள் பேசாமல் இருந்தது இருபது நாளுக்குமேல் என்று எழுதியிருக்கிறேன், ஒரு மாதமே இருந்தாலும் இருக்கும். வெங்காயம் ஒரு கூடையா இரண்டா என்பதும் நிச்சயமில்லை. ஊரில் எனக்கு மூத்தவர்கள் யாராவது இருந்தால் பார்த்துச் சரிசெய்யுங்கள். அம்மா போட்ட ஒன்றும் அத்தை போட்ட இரண்டுமாக மூன்று ஆழாக்கு வெந்தயம் என்பதை மட்டும் யாரும் குறைக்க வேண்டாம்.